பேர் சொல்லிக் கேட்ட தண்ணீர்

என் அக்காவின் கணவரைப் பற்றி எழுதுகிறேன். இரண்டு ஆண்களின் சொந்தப் பெயரை இதில் எழுத மாட்டேன். ஒருவர் அவர். அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. இறந்தவர் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. மற்றவன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். அவன் பெயரை ஏன் எழுதவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

நல்லவேளையாக இரண்டு பேருக்கும் வேறு பெயர்கள் இருந்தன. அத்தானை அமெரிக்கப் பட்டாளக் கோட்டைச் சிப்பாய்கள் பட்டன் என்று கூப்பிட்டார்கள். யாரோ தொலைத்த பித்தளைப் பட்டன் ஒன்றைத் தோல்கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். அவர்களுடைய வேவுப்படையில் சேரப் போன அன்று, எழுதுகிற ஆள் அவர் பேரைக் கேட்டிருக்கிறான். அத்தான் சும்மா நின்றார். தன் பேரைத் தானே சொல்வது அப்பாச்சிகளான எங்களில் வழக்கமில்லை. எழுதுகிற ஆள் அவர் கழுத்தில் கண்டதை எழுதிக்கொண்டான்.

மற்றவனுக்குப் பெயர் கிரிசாந்தோ. மெக்சிகோ எல்லைக்கு அந்தப் பக்கம் சோனோராவில் பிறந்தவன். ஆறு வயதில் எங்கள் ஆட்கள் அவனைக் குதிரையில் தூக்கி வந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான் என் அம்மாவுக்கு ஒரு பையன் செத்துப்போயிருந்தான். அம்மா இவனைத் தன் பிள்ளையாக வாங்கிக்கொண்டாள். ஓக் கொட்டை மாவு போட்ட குழம்பை முதல் நாள் அவன் வாந்தியெடுத்தானாம். மூன்றாம் நாள் சட்டியை நக்கினானாம். அம்மா அவனுக்கு ஒரு பேர் வைத்தாள். அதைத்தான் நான் எழுத மாட்டேன் என்கிறேன். நான் பிறந்தபோது அவன் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை. எனக்கு அவன் அண்ணன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

அவனும் அத்தானும் ஒன்றாகவே முயல் பிடித்து, ஒன்றாகவே அடிவாங்கி வளர்ந்தவர்கள். அத்தான் என் அக்காவைக் கேட்டு எங்கள் குடிசைக்கு முன்னால் குதிரையைக் கட்டினபோது, அக்கா ஒருநாள் முழுக்க வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தாள். பெண் வந்து குதிரைக்குத் தண்ணீர் காட்டினால்தான் சம்மதம். அண்ணன்தான் அவளை வெளியே இழுத்துவந்தான். "பாவம், குதிரை என்ன செஞ்சுது? மாப்பிள்ளை பிடிக்கலைன்னா அவனைத் தாகத்துல விடு. இதுக்காவது குடு" என்றான். அக்கா சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுத்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அத்தான் எங்கள் பக்கம் வந்துவிட்டார். ஆண்கள்தான் எங்களில் இடம் மாறுவார்கள். அதோடு அவரும் என் அம்மாவும் ஒருவரையொருவர் பார்ப்பது நின்றது. மாமியாரை மருமகன் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. அது வெறுப்பு இல்லை, மரியாதை. அவர் வருகிற வழியில் அம்மா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு திரும்பி நிற்பாள். அவர் சுற்றிக்கொண்டு போவார். மான் அடித்தால் நல்ல தொடையை அம்மா அடுப்புக்கு அருகில் வைத்துவிட்டுத் தூரப் போய் இருமுவார். அம்மா வந்து எடுத்துக்கொள்வாள்.

பேச வேண்டியதை எல்லாம் நான்தான் கொண்டுபோவேன். நான் அதிகம் பேசாத பெண். அதனால் என்னிடம் கொடுத்த பேச்சு கூடாமல் குறையாமல் போய்ச் சேரும் என்று இருவரும் நம்பினார்கள்.

அம்மாவின் நிலம் கோட்டையிலிருந்து அரை நாள் தூரத்தில், ஒரு பள்ளத்தாக்குக்குள் இருந்தது. அந்த இடத்துக்குப் பேர், 'வெள்ளைப் பாறைக்கு அடியில் தண்ணீர் கூடி நிற்கிறது.' அம்மாவின் அம்மாவும், அவளுக்கு முன்னால் இருந்த பெண்களும் அங்கேதான் மக்காச்சோளம் போட்டார்கள். வாசல் மாதிரி இரண்டு பாறை. அதற்குள் நுழையத் தெரியாதவனுக்கு அது வெறும் மலைச்சரிவு. சிப்பாய்கள் நாலு வருஷமாக அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

நாங்கள் ஒருவரை ஒருவர் முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். நேருக்கு நேர் நின்று ஒருவரின் பேரைச் சொல்லி ஒன்றைக் கேட்டால், கேட்கப்பட்டவர் மறுக்க முடியாது. அதனால் உயிர் போகிற நேரத்தில்தான் அப்படிக் கேட்போம். என் அப்பா அப்படித்தான் போனார். மெக்சிகோக்காரர்கள் துரத்தி வந்தபோது, பின்னால் காயம்பட்டு விழுந்த ஒருவன் அப்பாவைப் பேர் சொல்லி நிற்கச் சொன்னான். அப்பா அவனிடம் திரும்பி ஓடினார். இரண்டு பேருமே வரவில்லை. அப்பா செய்தது தப்பு என்று எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது நிலம் அளக்கிறவர்கள் வந்தார்கள். கோவேறு கழுதைகள், இரும்புச் சங்கிலிகள், மூன்று கால் குச்சிகள். அவர்களோடு ஒரு படக்காரன். அவன் கையில் பத்து விரலும் கருத்திருக்கும், ஏதோ மருந்துபட்டு. நாங்கள் அவனுக்குக் கருவிரல் என்று பேர் வைத்தோம். சின்னக் கறுப்புக் கூடாரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, கண்ணாடித் தகட்டில் மருந்தை ஊற்றி, அது காய்வதற்குள் பெட்டியில் வைத்துப் படம் எடுத்து, திரும்ப ஓடிக் கழுவவேண்டும். கழுவ நிறைய நல்ல தண்ணீர் வேண்டும்.

அது மழைக்காலம். வெள்ளையாறு அந்த மாதம் முழுக்கச் சிவப்பாக ஓடியது. கருவிரல் கழுவின கண்ணாடியில் எல்லாம் மண் ஒட்டியது. ஒருநாள் அவன் ஒரு தகட்டைத் தூக்கிக் கல்லில் அடித்தான்.

அன்று நான் அக்கா கொடுத்த ரொட்டியை ஆற்றங்கரையில் இருந்த வேவுக்காரர்களின் முகாமுக்குக் கொண்டுபோயிருந்தேன். அத்தானும் டாசில் என்ற இன்னொரு வேவுக்காரரும் நிழலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையில் வேவுக்காரர்களின் சிவப்புத் துணி, பட்டாளத்துச் சட்டை, அதன் மேல் கோட்டு. அத்தானுக்கு அந்தக் கோட்டின் மேல் கொஞ்சம் பெருமை உண்டு. வெயிலிலும் கழற்ற மாட்டார்.

"இவன் கண்ணாடியைக் கழுவுறானா, ஆத்தைக் கழுவுறானா?" என்றார் டாசில்.

"ரெண்டும் வெளுக்காது. அவன் விரலையே பாரு."

அண்ணன் அப்போது கோட்டையில் பேச்சு மாற்றிச் சொல்லும் வேலையில் இருந்தான். அளக்கிறவர்களின் கேப்டனிடமிருந்து நேராக இங்கே வந்தான். தொப்பி, பூட்ஸ். எங்களோடு பேசும்போது மட்டும் தொப்பியைக் கழற்றிவிடுவான்.

"மச்சான், தெளிஞ்ச தண்ணி வேணும்."

"அண்ணாந்து நிக்கச் சொல்லு. மேலேருந்து தெளிவாத்தான் விழுது" என்றார் அத்தான்.

டாசில் சிரித்தார். அண்ணன் குந்தி உட்கார்ந்து ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டான். அதுவரை எல்லாம் வழக்கமான கேலிதான்.

"விளையாடாதே மச்சான். நம்ம அம்மா இடத்துல இருக்குற தண்ணியைச் சொல்றேன்."

டாசில் சிரிப்பை நிறுத்தினார்.

"கேட்டுக்கோ. இவங்க நம்ம எல்லையைக் காகிதத்துல போட வந்திருக்காங்க. படத்துல வந்த இடம் காகிதத்துலயும் வந்துரும். காகிதத்துல வந்துட்டா அப்புறம் எவனும் தொட முடியாது. கேப்டனே எங்கிட்டச் சொன்னார்."

"காகிதம் இல்லாமயே இத்தனை காலம் எவனும் தொடலையே."

"இனிமே தொடுவான். ஆட்கள் வந்துக்கிட்டே இருக்காங்க. நீ பார்க்கலை, நான் பார்க்கிறேன். நான் வளர்ந்த இடம் மச்சான் அது. நான் கெடுப்பேனா?"

"உனக்கே வழி தெரியுமே. நீயே கூட்டிட்டுப் போயேன். என்னை ஏன் கேக்குறே?"

"நான் கூட்டிட்டுப் போனா அம்மா என்னை மெக்சிகோக்காரன்னு சொல்லிடுவா. நீ அந்த வீட்டு மாப்பிள்ளை."

"என் பொண்டாட்டியோட நிலம். நான் காட்ட முடியாது."

அண்ணன் ரொட்டியைக் கீழே வைத்தான். எழுந்து நின்றான். அத்தானை நேராகப் பார்த்து, அவருடைய பேரை முழுசாகச் சொன்னான். பிறகு, "எனக்கு அந்தத் தண்ணியைக் காட்டு" என்றான்.

அந்தப் பேரை நான் அதற்கு முன் இரண்டு தடவைதான் கேட்டிருந்தேன். டாசில் எழுந்து, துப்பிவிட்டு, குதிரைகளின் பக்கம் போய்விட்டார். அங்கே உட்கார்ந்திருக்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அத்தான் கழுத்துப் பட்டனை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "நாளைக்கு" என்றார்.

நான் விடியும் முன்பே கிளம்பி ஓடினேன். அம்மா வயலில் களை பறித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வெள்ளைக்காரங்க வர்றாங்க. அத்தான் கூட்டிட்டு வர்றார். நீ மறைஞ்சுக்கணுமாம்."

அம்மா நிமிரவில்லை. "யார் கேட்டா?"

"அண்ணன்."

"பேர் சொல்லியா?"

"ஆமா."

அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "அப்போ என் பிள்ளைக்கு ஏதோ பெரிய ஆபத்து வந்திருக்கு. இல்லேன்னா பேரைச் சொல்வானா? என்னன்னு கேட்டியா?"

"தண்ணி வேணுமாம். கண்ணாடி கழுவ."

நான் சரியாகக் கேட்டு வரவில்லை என்று அம்மா நினைத்திருப்பாள். "போய் அடுப்பைப் பத்த வை. பச்சைக் கதிர் பத்து பறிச்சுப் போடு. அவனுக்குச் சுட்ட கதிர் பிடிக்கும்."

அவர்கள் வெயில் ஏறும்போது வந்தார்கள். பாறை வாசலுக்குள் முதலில் நுழைந்தது கேப்டனின் பெஸ்ஸி என்ற வெள்ளைக் கோவேறு கழுதை. நேராகப் போய் ஊற்றில் வாயை வைத்தது. கேப்டன் சிரித்து ஏதோ சொல்ல, ஒருவன் அதைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். கருவிரல் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, குழந்தை மாதிரி அண்ணன் தோளைத் தட்டினான். அவன் கூடாரத்திலிருந்து வந்த நாற்றத்தில் எங்கள் நாய் தும்மிக்கொண்டே ஓடியது.

முதலில் இடத்தைப் படம் எடுத்தார்கள். பிறகு அத்தானை ஊற்றுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நிறுத்தினார்கள். கருவிரல் தலையை ஆட்டி, அவர் போட்டிருந்த கோட்டைச் சுட்டிக்காட்டினான்.

"கோட்டைக் கழட்டணுமாம் மச்சான். சட்டையையும்."

"ஏன்?"

"அது இருந்தா நீ அப்பாச்சி மாதிரி தெரியலையாம்."

"கோட்டைக் குடுத்ததே இவங்கதானே?"

"கழட்டேன். உன் அழகைத்தான் கேக்குறாங்க. கால் வளைஞ்சதை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது."

அத்தான் கழற்றினார். அசையாமல் நிற்கச் சொல்லி, கருவிரல் விரலை மடக்கி எண்ணினான். அத்தான் கன்னத்தில் ஈ ஒன்று ஊர்ந்தது. அவர் இமைக்கவில்லை. "என் பேரை எழுதிக்கலையா?" என்று பிறகு அண்ணனிடம் கேட்டார். "இடம் எங்க வீட்டோடதுன்னு சொன்னியா?" "எல்லாம் எழுதுவாங்க" என்றான் அண்ணன். இன்னொரு ஆள் சுத்தியலோடு சரிவில் ஏறி, அங்கே பட்டை பட்டையாகத் தெரிகிற கறுப்புக் கல்லை உடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கல் எங்களுக்கு எதற்கும் உதவாதது. அவன் பைத்தியம் என்று நினைத்தேன்.

அம்மா அந்த நேரம் முழுக்கச் சோளத்துக்குள், போர்வையால் மூடிக்கொண்டு, முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். மருமகன் நிற்கிற திசையைப் பார்க்கக்கூடாது என்பதால்தான். அத்தான் போன பிறகு அண்ணன் அவளிடம் வந்தான். அவள் கதிரைச் சாம்பல் தட்டிக் கொடுத்தாள்.

"மெலிஞ்சுட்டே. அந்தத் தொப்பி போட்டா பசிக்காதா?"

"வேலை அதிகம்மா."

"என்ன ஆபத்து உனக்கு? பேர் சொல்லிக் கேட்டியாமே."

"ஒண்ணுமில்லம்மா. நல்லதுக்குத்தான். உன் நிலத்தைக் காகிதத்துல ஏத்தியிருக்கேன்."

"எனக்கு எதுக்குடா காகிதம்" என்று சொல்லி அவள் இன்னொரு கதிரை எடுத்து அவன் பையில் வைத்தாள்.

அதற்கு அடுத்த கோடையில் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் சொன்னது உண்மைதான் போல என்று அத்தான் ஒருமுறை என்னிடம் சொன்னார், அம்மாவிடம் சொல்லச் சொல்லி. நானும் போய்ச் சொன்னேன்.

அதற்கும் அடுத்த கோடையில், ஒருநாள் காலையில் வேவுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பட்டாளம் கிளம்பியிருக்கிறது. எங்கே என்று சொல்லவில்லை. அத்தான்தான் எப்போதும் முன்னால் போய்த் தடம் பார்ப்பவர். அன்று அவரைப் பின்னால் வரச் சொன்னார்கள். வழி காட்டினது அவர் இல்லை. கேப்டன் கையில் ஒரு அட்டை இருந்தது. ஓரிடத்தில் நின்று, அட்டையைப் பார்த்து, மலையைப் பார்த்து, பாறை வாசல் பக்கம் திரும்பினான். அப்போதுதான் எங்கே போகிறோம் என்று தனக்குத் தெரிந்தது என்று அத்தான் பிறகு அக்காவிடம் சொன்னார். திரும்பி ஓடியிருந்தால் ஓடுகாலி என்று சுட்டிருப்பார்கள். ஆனால் அவர் உள்ளே வந்தது அதற்காக இல்லை. உள்ளே அக்காவும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

சோளம் அப்போது பால் பிடித்திருந்தது. நகத்தால் கிள்ளினால் வெள்ளையாகத் தெறிக்கும். இன்னும் இருபது நாள் வேண்டும்.

அத்தானின் தலை தெரிந்ததும் அம்மா போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். பட்டாளம் வந்து நிற்கும்போதும் அவள் முறையை விடவில்லை. கேப்டன் நல்ல மனநிலையில் இருந்தான். அத்தானைக் கூப்பிட்டு, அட்டையை நீட்டி, "பட்டன்" என்று அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அதுதான் அந்தப் படம். அத்தான் வாங்கிப் பார்த்தார். பார்த்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, அட்டையைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தார்.

சிப்பாய்கள் சிரித்தார்கள். பட்டாளத்தோடு வந்திருந்த அண்ணனும் மெல்லச் சிரித்து, "தன் உருவத்தைப் பார்த்துப் பயப்படுறான்" என்று அவர்கள் மொழியில் சொன்னான்; அதற்குள் எனக்கு அது கொஞ்சம் புரியும். அதைச் சொன்னதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. அவனுக்குத் தெரியாதா? அத்தான் அட்டையை என்னிடம் நீட்டினார். நான் பார்த்தேன். சட்டையில்லாத அத்தான், ஊற்று, வெள்ளைப் பாறை. பின்னால் சோளம், வரிசையை எண்ணலாம், அத்தனை துல்லியம். சரிவில் கறுப்புக் கல்லின் பட்டைகள். சோளத்துக்கு நடுவில் கல் மாதிரி ஒரு குவியல், அது கல் இல்லை. என் அம்மாவின் முதுகு. மாமியாரும் மருமகனும் ஒரே படத்தில் இருந்தார்கள்.

கேப்டன் பேசினான். அண்ணன் எங்கள் மொழியில் சொன்னான். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்.

"எல்லைக் கோடு இந்தப் பக்கமாப் போகுது. இந்தப் பள்ளத்தாக்கு இனிமே கோட்டுக்கு வெளியே. எல்லாரும் இன்னைக்கே கிளம்பணும். சான் கார்லோஸ் முகாமுக்குப் போகணும்."

"உள்ளே வரும்னுதானே சொன்னே" என்றாள் அக்கா.

"நான் என்ன செய்ய? அந்தக் கறுப்புக் கல் எரியுதாம். அதுக்காக எல்லைக் கோட்டை நகர்த்திட்டாங்க."

"உனக்கு எப்போ தெரியும்?"

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"எப்போ தெரியும்னு கேக்குறேன்."

"குளிர்காலத்துல" என்றான்.

குளிர்காலத்தில் அவன் இரண்டு முறை வந்து எங்கள் அடுப்பில் சாப்பிட்டுப் போயிருந்தான். வசந்தத்தில் நாங்கள் விதை போடும்போது வந்து, அம்மாவோடு நின்று நாலு குழி அவனே போட்டான்.

அத்தான் துப்பாக்கியை ஒரு மரத்தில் சாய்த்தார். தலையில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து அதன் மேல் போட்டார். அண்ணனுக்கு எதிரில் போய் நின்றார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் நின்ற மாதிரியே நின்றார். அம்மா வைத்த அந்தப் பேரை, தெளிவாக, முழுசாகச் சொன்னார்.

"உன்னைக் கேக்குறேன். நிலத்தைக் கேக்கலை. சோளம் முத்துற வரைக்கும் இருபது நாள் வாங்கிக்குடு. கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

எனக்கு உள்ளுக்குள் பயம் போய்விட்டது. பேர் சொல்லிக் கேட்டாயிற்று, இனி அவன் செய்துதான் ஆகவேண்டும் என்று நினைத்தேன். கேப்டன் நல்ல மனநிலையில்தானே இருக்கிறான், இருபது நாள் அவனுக்கு என்ன பெரிது? கேப்டன்கூட, என்ன சொல்கிறான் என்பது போல அண்ணனைப் பார்த்தான். கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

அண்ணன் தொப்பியைக் கழற்றவில்லை. ஸ்பானிஷில் சொன்னான். அம்மாவுக்குப் புரியக்கூடாது என்று நினைத்திருப்பான். ஆனால் அவனை வளர்த்தபோது அம்மா அவனிடமிருந்து கற்றுக்கொண்டதுதான் அந்த மொழி.

"யாரைக் கூப்பிடுறே? அது என் பேர் இல்ல. நான் கிரிசாந்தோ."

அத்தான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். இருமல் வந்த மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அம்மா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் பாவாடையை இழுத்தாள். "கத்தி" என்றாள். கதிர் அறுக்கிற கத்தியைக் கொடுத்தேன். அவள் போர்வையை விலக்காமலே கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டு, காதுக்குக் கீழே பிடித்து அறுத்தாள். நரைத்த நீளக் கூந்தல். அறுக்க நேரம் பிடித்தது. ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம்.

பிள்ளை செத்தால்தான் எங்கள் பெண்கள் அப்படிச் செய்வார்கள். அங்கே நின்ற சிப்பாய்களுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரியும். அவன் முகம் சாம்பல் மாதிரி ஆனதை நான் பார்த்தேன்.

கேப்டன் கேட்டான், "அந்த அம்மா என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. வெயில்" என்றான் கிரிசாந்தோ.

அம்மா குடிசைக்குள் போய், கூரைப் புல்லில் செருகியிருந்த ஒரு சின்ன வில்லை எடுத்துவந்தாள். ஆறு வயதில் அவனுக்கு அப்பா வளைத்துக் கொடுத்தது. கூந்தலையும் வில்லையும் சேர்த்து அடுப்பில் வைத்தாள். செத்தவன் பொருளை வைத்திருக்கக்கூடாது. பிறகு என்னிடம், வழக்கம்போல, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"உங்க அத்தான்கிட்டச் சொல்லு. தண்ணி காட்டினதுக்கு நான் கோபப்படலை. பேர் சொல்லிக் கேட்டா யாரா இருந்தாலும் குடுக்கத்தான் வேணும். அவர் குடுத்தார்."

பத்தடி தூரத்தில் நின்ற அத்தானுக்கு அது கேட்டிருக்கும். ஆனாலும் நான் நடந்துபோய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். சிவப்புத் துணியை எடுத்துத் திரும்பக் கட்டிக்கொண்டார். கேப்டன் உத்தரவுப்படி எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களில் அவரும் ஒருவர். பாறை வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். கோவேறு கழுதைகளைச் சோளத்தில் அவிழ்த்து விட்டிருந்தார்கள். வெள்ளைக் கழுதை முதல் வரிசையில் நின்றது.

சான் கார்லோஸில் நிழல் இல்லை. அக்காவின் குழந்தை அந்தக் கோடையைத் தாண்டவில்லை. அத்தான் வேவுப்படையில் தன் ஆறு மாதக் கெடுவை முடித்து, போட்டிருந்த கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பச் சேரவில்லை. கோட்டைக் குதிரைகளுக்குப் புல் அறுக்கிற வேலைக்குப் போனார். யாராவது பட்டன் என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். கழுத்தில் வெறும் தோல்கயிறுதான் இருந்தது.

அங்கே ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள். மூன்று மாதம் போனேன். வாத்தியாரம்மா தினமும் காலையில் ஒவ்வொருவர் பேரையும் உரக்கச் சொல்லி, பதில் கேட்பாள். என் பேரைச் சொல்லும்போதெல்லாம் எதைக் கேட்கப் போகிறாளோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால் நின்றுவிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரில்தான் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். அடியில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'அப்பாச்சி வேவுக்காரன், பெஸ்ஸி ஊற்று.' கழுதையின் பேர் இருந்தது.

ஒரு ரேஷன் நாளில் கிரிசாந்தோ வந்தான். வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுத்திருந்த எண்ணைப் படிக்கிற வேலை. அம்மாவின் முறை வந்தது. அவன் எண்ணைப் படிக்கவில்லை. மெதுவாக, எங்கள் மொழியில், "அம்மா" என்றான்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அந்த மெக்சிகோக்காரருக்கு என்ன வேணுமாம்?"

அவன் எண்ணைப் படித்தான். அம்மா மாவை வாங்கிக்கொண்டாள்.

அத்தான் அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் இருந்தார். கடைசிக் குளிர்காலத்தில் மார்ச்சளியோடு படுத்திருந்தபோது, நான் குழம்பு கொண்டுபோனேன். அம்மா போய் வெகுகாலம் ஆகியிருந்தது. கொண்டுபோக என்னிடம் பேச்சு எதுவும் இல்லை. ஆனாலும் பழைய வழக்கத்தில், யாருக்கோ சொல்லி அனுப்புகிறவர் மாதிரி அவர் பேசினார்.

"ஆத்தங்கரையில அன்னைக்கு அவன் என்னைக் கேட்டான்ல. அப்பவே நானும் அவன் பேரைச் சொல்லித் திரும்பக் கேட்டிருக்கணும். அந்தத் தண்ணியைக் கேக்காதேன்னு. அப்போ அவனுக்கு அந்தப் பேர் இருந்துச்சு."

நான் சட்டியை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தேன்.

"தொப்பியைக் கழட்டிட்டுத்தான் உட்கார்ந்திருந்தான், உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கு" என்றேன்.